தாத்தா என்ன விலை?

பண்டைய கிரேக்க நகரமான மிலேட்டஸின் துறைமுகச் சந்தை, கி.மு. 550 வாக்கில். கூடை நிறைய மீனோடு ஒரு மீன்காரம்மா. ஆலிவ் ஆட்டும் செக்கு வைத்திருக்கும் பெரியவர் வருகிறார்.

செக்குக்காரர்: என்ன தங்கச்சி, வெயில் ஏறிவிட்டது, கூடை இன்னும் இறங்கவில்லையே?

மீன்காரம்மா: எப்படி இறங்கும் அண்ணே? அனாக்சிமாண்டர் வாத்தியார் வாயை வைத்துவிட்டாரே. மீன்தான் நமக்கு அப்பன், ஆத்தாளாம். அதைத் தின்னலாமா என்கிறார். காலையில் வந்த ஓர் அம்மாள் கூடையைக் கும்பிட்டுவிட்டுப் போகிறாள்!

செக்குக்காரர்: எதை வைத்துச் சொல்கிறார்?

மீன்காரம்மா: கன்றுக்குட்டி பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து மடியைத் தேடுகிறது. மனிதக் குழந்தையை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்க ஆளே இல்லாத ஆதிகாலத்தில் அது எப்படிப் பிழைத்திருக்கும்? அதனால் மீன் மாதிரி ஏதோ ஒன்று, ஆளாகும்வரை வயிற்றுக்குள் வைத்து வளர்த்ததாம்.

செக்குக்காரர்: நியாயமாகத்தான் இருக்கிறது.

மீன்காரம்மா: நியாயம்தான். என் மகனுக்கு இருபது வயது, இன்னும் ரொட்டியைப் பிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மீன் அவசரப்பட்டுத் துப்பிவிட்டது.

செக்குக்காரர்: உனக்காவது மீனோடு போயிற்று. தத்துவம் பேசும் தேலீஸ் என்னைச் செய்தது தெரியுமா? "உன் படிப்பு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகுமா" என்று ஊரே கேலி செய்தது. நானும் கொஞ்சம் செய்தேன். மனிதர் வானத்தைப் பார்த்தார், வருகிற பருவத்தில் ஆலிவ் கொட்டப்போகிறது என்று கணக்குப் போட்டார். குளிர்காலத்தில் வந்து, சும்மா கிடந்த என் செக்குக்கு முன்பணம் கொடுத்தார். பைத்தியம் என்று நினைத்து வாங்கிப் போட்டேன். இங்கேயும் கியோஸ் தீவிலும் இருந்த செக்கெல்லாம் அவர் கையில்! அறுவடை வந்தது. என் செக்கில் என் ஆலிவை ஆட்ட, அவருக்கு வாடகை கொடுத்தேன்.

மீன்காரம்மா: எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்பாரே, அவரா?

செக்குக்காரர்: அவரேதான். பேசியது தண்ணீர், சம்பாதித்தது எண்ணெய்.

மீன்காரம்மா: நட்சத்திரம் பார்த்துக்கொண்டே நடந்து கிணற்றில் விழுந்தாராமே?

செக்குக்காரர்: தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இறங்கியிருப்பார். காந்தக்கல்லுக்கு உயிர் உண்டு என்றும் சொன்னார். இரும்பை நகர்த்துகிறதே, உயிர் இல்லாமல் முடியுமா என்று.

மீன்காரம்மா: அப்படியானால் முக்கில் இருக்கும் மதுக்கடைக்குப் பெரிய உயிர் அண்ணே. வலை இழுக்கக்கூட எழுந்திருக்காத என் வீட்டுக்காரரை நகர்த்துகிறதே!

செக்குக்காரர்: இப்போது அனாக்சிமினீஸ் என்று ஒருவர் கிளம்பியிருக்கிறார். காற்றுதான் எல்லாவற்றுக்கும் மூலமாம். எங்கே, வாயை நன்றாகத் திறந்து கையில் ஊது.

மீன்காரம்மா: (ஊதி) சூடு.

செக்குக்காரர்: உதட்டைக் குவித்து ஊது.

மீன்காரம்மா: அட, ஜில்லென்று இருக்கிறது!

செக்குக்காரர்: அதுதான். காற்று தளர்ந்தால் சூடு, நெருங்கினால் குளிர். ரொம்பத் தளர்ந்தால் நெருப்பு. இறுக இறுக மேகம், தண்ணீர், மண், கடைசியில் கல்.

மீன்காரம்மா: கல்லும் காற்றுதானா?

செக்குக்காரர்: (தராசைப் பார்த்து) உன் எடைக்கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு.

மீன்காரம்மா: தேலீஸ் சொன்ன மூலப்பொருளை உங்கள் எண்ணெயில் எவ்வளவு கலக்கிறீர்கள் என்று நான் கேட்டேனா?

செக்குக்காரர்: சரி சரி, விடு. அந்தப் பெரிய தாத்தா என்ன விலை?

மீன்காரம்மா: ஒரு ஜாடி எண்ணெய். கலக்காதது.

செக்குக்காரர்: அடேயப்பா! தாத்தா வேண்டாம், ஓரத்தில் கிடக்கிற சின்ன மாமாவைப் போடு. செதிலையும் நீயே எடுத்துவிடு. சொந்தக்காரரை நான் எப்படிச் சீவுவது?