எங்கட ராசாவின்ர முடி எங்கை மாமா?

நேற்றிலயிருந்து வயிறு எரியுது. எழுதாமல் படுக்க ஏலாது.

அக்காவின்ர குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலயிருந்து வந்து நிக்கினம். மருமோனுக்குப் பத்து வயது. லண்டன் ரவர் கோட்டையில இங்கிலாந்து ராசாக்களின்ர முடியளைப் பாத்த கதையை வந்த நாளிலயிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். நகருற பட்டியில ஏத்தி முடியளுக்குப் பக்கத்தால கொண்டு போவினமாம், படம் எடுக்க விடமாட்டினமாம். ஒரு முடியில மட்டும் 2,868 வைரமாம். பேந்து கேட்டான்: "மாமா, எங்கட ராசாவின்ர முடி எங்கை?"

யாழ்ப்பாணத்துக் கடைசி ராசா சங்கிலியன்ர பேரில நல்லூரில நிக்கிற சங்கிலியன் தோப்பு வளைவைக் காட்டிப்போட்டு, ராசாவின்ர மந்திரி இருந்த வீடு எண்டு சொல்லுற மந்திரிமனைக்குக் கூட்டிக்கொண்டு போனன். காலடியில பிளாஸ்டிக் போத்தல். சுவர் முழுக்க ஆணியால கீறின பேருகள். பெடியனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். ஒரு கீறலில விரலை வைச்சுத் தடவி, "இது ராசாவின்ர கையெழுத்தோ?" எண்டு கேட்டான். ரெண்டு பேருகளுக்கு நடுவில ஒரு இதயம் கீறிக் கிடந்தது. நான் என்னத்தைச் சொல்ல?

கீறினவனே, உன்ர பேரை எழுத உனக்கு வேற சுவர் கிடைக்கேல்லையோ? உன்ர வீட்டு மதிலில கீறினால் அப்பு சும்மா விடுவாரோ? இந்தக் கட்டடங்கள் சங்கிலியன் காலத்துக்குப் பிந்தினவை எண்டு ஆய்வாளர்கள் சொல்லினம். சரி, அதையெண்டாலும் ஒரு பிள்ளைக்கு விளங்கிற மாதிரி எழுதி வைக்கேலாதோ?

"முடியே இல்லாத ஊரில என்னத்தைக் காட்டுறது" எண்டு எனக்கே ஒருத்தர் சொன்னவர். பத்திக்கொண்டு வந்தது. இங்கிலாந்துக்காரன்ர பழைய முடியும்தான் போனது. 1649இல் அரசனின்ர தலையை வெட்டிப்போட்டு, முடி செங்கோல் எல்லாத்தையும் அவையளே உருக்கி வித்தவை. இப்ப முடிசூட்டுக்கு வைக்கிற முடி 1661இல் புதுசாச் செய்தது. இழந்த கதையையும் சேர்த்துத்தான் சொல்லுறாங்கள். நாங்கள் முப்பது பவுணுக்கு மேல குடுத்து ரிக்கற் எடுத்து அதைக் கேட்டுப்போட்டு வாறம். 1619இல் போர்த்துக்கேயர் சங்கிலியனைப் பிடிச்சதையும், கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொலை செய்ததையும், 1621இல் நல்லூர்க் கோயிலை இடிச்சதையும் எங்கட பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது?

கண்டி ராசாவின்ர சிம்மாசனமும் முடியும் 1934இல் திரும்பி வந்து கொழும்பு நூதனசாலையில இருக்கு. 1765இல் ஒல்லாந்தர் கொண்டுபோன பீரங்கி 2023இல் நெதர்லாந்திலயிருந்து வந்தது. கேட்டதாலதான் வந்தது. எங்களுக்குக் கேக்கிற வாயும் இல்லை, இருக்கிற சுவரைக் காக்கிற கையும் இல்லை.

வரேக்க கோகினூர் வைரத்தைப் பற்றிச் சொன்னன். 1849இல் அதை ஆங்கிலேயருக்கு விட்டுக்குடுக்கிற உடன்படிக்கை போடேக்க பஞ்சாப் ராசா துலீப் சிங்குக்கும் பத்து வயதுதான் எண்டன். "என்ர வயசு" எண்டான். அதுக்குப் பிறகு வீடு வரும்வரைக்கும் கதைக்கேல்லை.

பின்னேரம் கோயிலுக்குப் போனம். வசந்த மண்டபத்தில பூசை. சாமிக்கு முன்னால உரத்துச் சொல்லுற புகழுரையான கட்டியம் சொல்லேக்க சங்கபோதி புவனேகபாகு எண்ட பேர் வந்தது. நல்லூரிலயிருந்து ஆண்ட ராசாவின்ர பேர்! முடி இல்லை, செங்கோல் இல்லை, அரண்மனை இல்லை. அந்தப் பேரை மட்டும் இண்டைக்கும் கந்தசுவாமியாருக்கு முன்னால சொல்லினம். திரும்பிப் பாத்தால் முன்னுக்கு நிண்ட அத்தனை கையிலயும் போன். ஒருத்தற்றை காதும் அங்கை இல்லை. மருமோன் பக்கத்தில நிண்டவரிட்ட, "என்ன சொல்லினம் அங்கிள்?" எண்டு கேட்டான். அவர் போனிலயிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அது சும்மா மந்திரம் தம்பி, கும்பிடும்."

மந்திரமில்லை ஐயா, எங்கட ராசாவின்ர பேர் எண்டு கத்தவேணும் போல இருந்தது. முருகன்ர சந்நிதி எண்டு வாயை மூடிக்கொண்டு நிண்டன். இஞ்ச கத்துறன்.