தபால் பிரிக்கும் பாடம்

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வீடில்லாத முன்னாள் ராணுவத்தினர் தங்கும் இல்லம் ஒன்றில் சனிக்கிழமைகளில் வரவு செலவுப் பாடம் எடுத்து வருகிறேன். முதல் நாள் நான் கொண்டுபோன தாளில் 'தேவையா, ஆசையா?' என்று இரண்டு கட்டங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சடித்தது. அறுபதைத் தாண்டிய ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "120 பேருக்குச் சாமான் கணக்குப் பார்த்தவன் நான்" என்றார். கோபமெல்லாம் இல்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

பதினெட்டு வயதில் படையில் சேர்கிறவருக்குச் சாப்பாடு, படுக்கை, டாக்டர், சம்பளம் எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும். வாடகை ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, கிரெடிட் ஸ்கோர் ஏன் விழுகிறது என்பதெல்லாம் அங்கே யாருக்குத் தேவை? அமெரிக்கா வந்த புதிதில் எனக்கும் இதெல்லாம் தெரியாது. கூட வேலை பார்த்த ஒரு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எனக்கு வாழ்க்கைத் திறன் போதவில்லை என்று யாரும் சான்றிதழ் தரவில்லை.

என் கட்சி இதுதான்: பாடம் வேண்டும், ஆனால் வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகு. குடியை விடு, வகுப்பை முடி, அப்புறம் வீடு என்ற பழைய வரிசையை நல்ல மனதோடு இன்னும் ஆதரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிரிட்ஜே இல்லாதவரிடம் வாரத்துக்கான மளிகைப் பட்டியல் போடச் சொன்னால் என்ன செய்வார்? வீடில்லாத முன்னாள் ராணுவத்தினருக்கான ஹட்-வாஷ் (HUD-VASH) என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தில் வாடகை உதவியும் கூடவே ஒரு சமூகப் பணியாளரும் கிடைக்கிறார்கள். குடியிருப்பவர் பொதுவாகத் தன் வருமானத்தில் 30 சதவீதம் கட்டினால் போதும். 2010 கணக்கெடுப்பில் வீடில்லாத முன்னாள் ராணுவத்தினர் 74,000 பேருக்கு மேல். 2024 ஜனவரியில் 32,882. எல்லாம் இந்த ஒரு திட்டத்தால் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பங்கு இதற்குண்டு.

சரி, சாவி வந்த பிறகு என்ன பாடம்? அந்தச் சாமான் கணக்குக்காரருக்குப் போன வருடம் வீடு கிடைத்தது. மூன்று மாதத்தில் கரண்ட் கட். பணம் இருந்தது, பில்தான் பிரிக்கப்படவே இல்லை. மேஜை டிராயர் நிறைய உறையோடு கடிதங்கள். தெருவில் இருந்த காலத்தில் உறை வந்தாலே அபராதமாகவோ 'உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்றோதான் இருக்குமாம். இதே ஊரில் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்கள் 1988இல் வீடில்லாத முன்னாள் ராணுவத்தினருக்காக 'ஸ்டாண்ட் டவுன்' என்ற உதவி முகாமைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே நீதிமன்றத்தை முகாமுக்குக் கொண்டுவந்து சின்னச் சின்ன வழக்குகளைத் தீர்த்துவைத்தார்கள். அந்த உறைகளின் பயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வரவு செலவுத் தாளை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறேன். காபி போட்டுவிட்டு டிராயரைத் திறப்பார். முதல் உறையை நான் பிரிக்க வேண்டும், மற்றதை அவர் பிரிப்பார். போன வாரம் நான் போவதற்குள் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி வைத்திருந்தார். பீட்சா கடை விளம்பரம் உட்பட.