பி53 எல்லோர் உடம்பிலும் இருக்கிறது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "பி53 என்பது புற்றுநோய் ஜீன். கடற்கரைக் கருமணலின் கதிர்வீச்சு அதை நம் உடம்பில் உருவாக்குகிறது." இது தவறு.

மைனி போனை நீட்டி, "மக்கா, நம்ம பிள்ளைக்கும் இது இருக்குமா?" என்று கேட்டபோது அவர் கை நடுங்கியது. இருக்கும் மைனி, இருக்கத்தான் வேண்டும். டிபி53 ஜீன் 17ஆவது குரோமோசோமில் எல்லா மனிதருக்கும் உண்டு. அது தரும் பி53 புரதம் நமக்குக் காவல். டிஎன்ஏ அறுந்தால் ஏடிஎம் என்ற இன்னொரு புரதம் பி53ஐ உசுப்பிவிடும். பி53 செல் பிரிவதை நிறுத்தி, பழுதுபார்க்க நேரம் வாங்கித் தரும். சேதம் கைமீறிப் போயிருந்தால் அந்தச் செல்லையே சாகவைக்கும்.

புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்த ஜீன் கெட்டுப்போயிருக்கிறது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். 1979இல் பி53 புரதத்தைக் கண்டுபிடித்த பிறகு சுமார் 10 வருஷம் விஞ்ஞானிகளே அதன் ஜீனைப் புற்றுநோயைத் தூண்டும் ஜீன் என்றுதான் நினைத்தார்கள்.

சரி, கருமணல்? அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதும், அதிலுள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தால் இங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் கதிர்வீச்சு பி53ஐ உருவாக்குவதில்லை; டிஎன்ஏவைச் சேதப்படுத்தலாம். அந்தச் சேதத்தை எதிர்த்து நிற்பதுதான் பி53.