"மாத்திடலாம் சார்!"

பழைய பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும் கியர் லீவரில் லேசாக ஆட்டம் வந்துவிட்டது. இணைப்பில் தேய்ந்துபோன புஷ் என்கிற சின்ன வளையத்தை மாற்றி, லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜை ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்தால் போதும். ஆனால் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் ஒரே பாட்டு: "எதுக்கு சார் தொல்லை, ஃப்ளோர் கியரா மாத்திடலாம்." அதாவது, லீவரையே தரைக்கு இறக்கிவிடுவது.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் அடைப்பு என்றாலும் அதேதான். பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டைக் கழற்றி ஊதிப் பார்க்கக்கூட மனசு வராது. மாருதி கார்புரேட்டரைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஃபியட் 1100 வழியில் வந்த அந்த 1089 சிசி எஞ்சின், அதன் சத்தம், கைக்குப் பழகிய அந்த லீவர், இதற்காகத்தானே ஐயா இந்தக் காரையே வைத்திருக்கிறோம்! கண்டதையும் மாட்டிவிட்டால் அப்புறம் அது பத்மினியா?

இப்போது ஒரு சின்ன புஷ்ஷுக்காகச் சென்னையின் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை முழுக்க அலைகிறேன். கிடைப்பதெல்லாம் அளவே சேராத டூப்ளிகேட்.