இடம் விட்டு எழுந்தவர்கள்

நேற்று அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். பெற்ற அம்மா இல்லை, என் முனைவர் பட்ட நெறியாளர். தமிழ்த்துறையில் படித்தவர்களுக்குத் தெரியும், நாங்கள் பேராசிரியைகளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவோம். பெயரைப் போடவில்லை. இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' வந்துகொண்டே இருந்தது. பதவி உயர்வில் அவர் காலை வாரியவரும் ஒன்று போட்டார். எனக்கோ தியாகராச செட்டியார் ஞாபகம்தான்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மூத்த மாணவர் அவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர், பெரிய கண்டிப்புக்காரர். அதே பிள்ளையிடம் 1871இல் வந்து சேர்ந்த இளைஞர் உ.வே.சாமிநாதையர். மாயூரத்து வீட்டுக் கொல்லையில் பிள்ளை புதிதாக மரங்கள் வைத்திருந்தார். விடிந்ததும் தளிர் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம். புது மாணவர் அதைக் கவனித்தார். மறுநாளிலிருந்து முன்னாடியே எழுந்து போய்த் தளிர்களைத் தேடி வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் காட்டினார். அந்த ஆள் முகம் மலர்ந்துவிட்டது. இதைக் காக்கா பிடிப்பது என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். வாத்தியார் மனசில் இடம்பிடிக்கத் தவித்த பதினாறு வயதுப் பையனுக்கு வேறு வழி என்ன தெரியும்?

பிள்ளையிடம் சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் படித்தார்கள். கையில் காசு தங்காத மனிதர். 1876 பிப்ரவரியில் அவர் உயிர் பிரிந்தபோது தாங்கிப் பிடித்திருந்தவர் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர். பக்கத்தில் திருவாசகம் படித்துக்கொண்டிருந்தவர் சாமிநாதையர்.

சரி, செட்டியாருக்கு வருவோம். 1880இல் உடம்பு முடியாமல் ஓய்வு பெற முடிவு செய்கிறார். அந்தக் காலத்தில் கல்லூரித் தமிழ் வேலை என்பது லேசில் கிடைக்கிற சமாசாரமா? யார் யாரோ கண் வைத்திருப்பார்கள். செட்டியார் நேரே திருவாவடுதுறைக்குப் போனார். அங்கே மடத்தில் இருந்த சாமிநாதையரைத் தன் இடத்துக்கு அனுப்பச் சொல்லி மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் கேட்டார். தேசிகருக்கு அனுப்ப மனசில்லை, கடைசியில் சம்மதித்தார். கல்லூரி முதல்வர் கோபால ராவிடமும் செட்டியாரே பேசி, உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்ததால்தான் அதே வருஷம் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்திக்க முடிந்தது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, புராணம் என்று அடுக்கினார். அவரோ அசையவில்லை. சீவக சிந்தாமணி என்ற பழைய காப்பியத்தைப் படித்ததுண்டா என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் சாமிநாதையரின் பழந்தமிழ் நூல் பதிப்பு வேலை தொடங்கியது. 1887இல் அவர் பதிப்பித்த சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. பின்னாளில் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் சொந்தமாக வீடு வாங்கியபோது சாமிநாதையர் அதற்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்தார். அந்த வீட்டை 2012இல் இடித்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

என் கட்சி இதுதான்: நன்றாகப் பாடம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தான் உட்கார்ந்த இடத்தை அடுத்தவனுக்குக் காலி செய்து கொடுக்கிறவர்கள்தான் அபூர்வம். அம்மாவிடம் வருவதற்கு முன்னால் நான் வேறொரு நெறியாளரிடம் இரண்டு வருஷம் இருந்தேன். அவர் வீட்டு மின்கட்டணம் கட்டினேன், ரேஷன் வரிசையில் நின்றேன். நான் எழுதிய கட்டுரை அவர் பெயரில் வந்தது, என் பெயர் இரண்டாவதாகக்கூட இல்லை. இதையெல்லாம் படிக்கிறவர்களில் பாதிப் பேர் 'எனக்கும்தான்' என்று தலையாட்டுவீர்கள்.

வாய்மொழித் தேர்வு நாளில் வெளித்தேர்வாளருக்குக் கார், தங்கும் அறை, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி, எல்லாம் மாணவன் தலையில். எழுதாத சட்டம். என் தேர்வன்று அம்மா இரண்டு பெரிய தூக்கில் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இதுதான் இன்னிக்கு விருந்து. அவன்கிட்ட பைசா வாங்கினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்." வெளித்தேர்வாளர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அம்மா ஓய்வு பெற்ற அன்று என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். உள்ளே போய் ஒரு பழைய செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். காவிரிக்கரைத் தலபுராணங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதவேண்டும் என்று இருபது வருஷமாக எடுத்து வைத்த குறிப்பட்டைகள், ஊர்வாரியாகக் கட்டி வைத்தது. பின்பக்கத்தில் பச்சை மையில் பக்க எண். சில அட்டைகளில் பால் கணக்கும் இருந்தது. "நான் எழுதப் போறதில்லப்பா. நீ எழுது. முன்னுரையில என் பேரைப் போட்டு மானத்த வாங்காத."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அன்று சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். இருபது வருஷ உழைப்பை யாராவது செருப்புப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்களா? நான் கொடுப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். கொடுத்திருக்க மாட்டேன்.

ஏழு வருஷம் ஆகிறது. பாதிதான் எழுதியிருக்கிறேன். போன் பண்ணும்போதெல்லாம் வேறு எது எதுவோ பேசுவார், புத்தகம் என்னாச்சு என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது போதாதா, குத்துவதற்கு?

காரியம் முடிந்து வந்து ராத்திரி பெட்டியைத் திறந்தேன். கட்டியிருந்த ரப்பர் பேண்டெல்லாம் காய்ந்து, தொட்டதும் அறுந்து விழுந்தன. அட்டைகள் ஊர் மாறிக் கலந்துவிடக் கூடாதே என்று விடிய விடிய உட்கார்ந்து நூலால் கட்டினேன். திருவிடைமருதூர்க் கட்டில் ஓர் அட்டை குறைகிறது. வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன்.