காத்திருப்பது ஓய்வா?
அழைப்பு வராத நேரமெல்லாம் ஆபத்தில் சிக்கியவர்களைத் தேடிப் போகும் ஹெலிகாப்டர் குழுவுக்கு ஓய்வுதான் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. செக்கானூரணிப் பக்கம் ஆறு வருடம் இரவு ஆம்புலன்ஸ் ஓட்டியவன் நான். போன் எப்போது அடிக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுப்பது தூக்கமே இல்லை. அப்படியே அசந்தாலும் வேறு வம்பு. ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குப் பதறி எழுந்து, உசிலம்பட்டிக்குப் போக வேண்டியவன் திருமங்கலம் ரோட்டில் திரும்பிவிட்டேன். கூட இருந்த தம்பி கத்தியபிறகுதான் சுதாரித்தேன். தூக்கக் கலக்கம் தெளியவே பதினைந்து, முப்பது நிமிடம் ஆகும். மேலே கருத்து எழுதிய ஒருவர், காபி குடித்தால் போதும் என்கிறார். அது வேலை செய்யவும் கிட்டத்தட்ட அரை மணி நேரம் வேண்டுமே! தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பதற்குச் சமமாகத் தடுமாறுவோம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரில் அந்த அளவு 0.03 சதவீதத்தைத் தாண்டி வண்டி ஓட்டினாலே கேஸ். பைலட்டையாவது விடுங்கள், பின்னால் உட்கார்ந்து அதிர்விலும் இரைச்சலிலும் மணிக்கணக்கில் கீழே தேடுகிறவரை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? சோர்ந்த கண் வெள்ளத்தில் கையசைக்கிற ஆளைப் பார்த்தும் பார்க்காமல் தாண்டிவிடும்.