ஹொக்குசாயின் பேரலைக்கு ஒற்றை மூலப்படி கிடையாது

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘கனகாவா பேரலை’ என்ற படத்தைப் பற்றி, ‘அதன் அசல் ஓவியம் ஒரே ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மற்றவை போலிகள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இந்தக் கலையின் அடிப்படையையே மறைத்துவிடும் தவறு என்பதால் எழுதுகிறேன்.

1831-ஐ ஒட்டி வெளியான அந்தப் படம் தூரிகை ஓவியமன்று, மரக்கட்டை அச்சு. ஹொக்குசாய் மெல்லிய தாளில் கோடுகளை வரைந்து கொடுத்தார். அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, அதன் மேலேயே செதுக்குவார்கள். அவர் கைப்பட வரைந்தது அங்கேயே அழிந்துபோகும். செதுக்கியவர் வேறு, நிறம் பூசித் தாளை வைத்துத் தேய்த்து அச்சிட்டவர் வேறு, பணம் போட்டு விற்ற பதிப்பாளர் வேறு. செதுக்கியவரின் பெயர்கூடப் படத்தில் இல்லை என்பது எனக்கு என்றுமே வருத்தம்தான்.

ஆகவே அந்தப் பலகைகளிலிருந்து அக்காலத்தில் எடுத்த ஒவ்வொரு படியும் அசல்தான். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டனிலும் இருப்பவை அப்படிப்பட்டவையே. பலகை தேயத் தேயக் கோடுகள் சிதையும். இடப்பக்க மேல்மூலையில் தலைப்பைச் சூழ்ந்த கட்டத்தின் கோடு பிந்தைய படிகளில் விட்டுவிட்டுத் தெரியும். முந்தைய படியா பிந்தைய படியா என்று பார்ப்பதற்கு அந்த மூலைதான் நல்ல இடம்.

பிற்காலத்தில் புதிதாகப் பலகை செதுக்கி அச்சிட்டவை மறுபதிப்புகள். அது தனிக் கணக்கு.